விடுதி வெறுமையான நாள்கள்

கல்லூரி விடுதி என்பது வீடும் அன்று, சத்திரமும் அன்று. வீடாயின் அதனைவிட்டுப் பிரிவதற்கு எவரும் நாள் குறிப்பதில்லை. சத்திரமாயின் பிரிவதற்கு எவரும் வருந்துவதில்லை. தவணை முடிந்ததும் அறையைத் துப்புரவு செய்து, திறவுகோலைக் காவலரிடம் ஒப்படைத்து, டிரங்குப் பெட்டியையும் படுக்கைச் சுருளையும் வாயிற்படியில் கொணர்ந்து வைக்கும் மாணாக்கன், அடுத்த அறைத் தோழனிடம் 'போய் வருகிறேன்' என்கிறானே அன்றிப் 'போகிறேன்' என்பதில்லை. தமிழில் விடைபெறும் மரபே அதுதான். ஆயினும், மலாயா, சிங்கப்பூர் ஆகிய இரு நிலங்களின் உயர்கல்வி வரலாற்றில் அச்சொல் பொய்த்துப்போன பொழுதுகள் சில உண்டு. கட்டடங்கள் திறக்கப்பெற்ற நாள்களையும் பட்டமளிப்பு விழாக்களையும் கல்வெட்டில் பொறித்துவைத்த வரலாறு, விடுதிகள் வெறுமையான நாள்களை அத்துணை அக்கறையோடு குறித்துவைக்கவில்லை.

இவ்விரு நிலங்களுக்கும் பொதுவான உயர்கல்வி சிங்கப்பூரில் தோன்றியது. தான் ஜியாக் கிம் முதலிய சீனப் பெருவணிகர்கள் முன்னின்று திரட்டிய 87,077 வெள்ளி நன்கொடையைக் கொண்டு, 1905ஆம் ஆண்டில் செப்போய் லைன்ஸ் பகுதியில் ஓர் அரசு மருத்துவப் பள்ளி நிறுவப்பெற்றது. நீரிணைக் குடியேற்றங்கள், ஐக்கிய மலாய் மாநிலங்கள் ஆகிய இரண்டின் பெயரையும் அப்பள்ளி ஒருங்கே தாங்கி நின்றது. பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னரின் பெயரைப் பெற்று, 1921இல் கல்லூரியாக உயர்ந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களிலிருந்து வரும் மாணாக்கர் தங்குவதற்காக 1916இல் அங்கே ஒரு விடுதி எழுந்தது. ஐக்கிய மலாய் மாநில விடுதி என்பதே அதன் பெயர். தீவில் நின்ற கட்டடத்துக்குத் தீபகற்பத்தின் பெயர்! அக்காலத்தில் எவருக்கும் அதில் வியப்புத் தோன்றியிராது. இரண்டும் ஒரே நிலம் என்பது அன்று மெய்ப்பிக்க வேண்டிய செய்தியாக இருக்கவில்லை.

அவ்விடுதிகளில் தமிழ் மாணாக்கரும் இருந்தனர். ஆனால் அவர்களுட் பெரும்பாலோர் தோட்டப்புறத்துப் பாட்டாளிகளின் பிள்ளைகள் அல்லர். இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பிள்ளைகளே மிகுதி. மருத்துவக் கல்லூரிக்கு வாயில் ஆங்கிலப் பள்ளி. ஆங்கிலப் பள்ளி நகரத்தில் இருந்தது. இரப்பர் மரங்களுக்கிடையே இருந்த தமிழ்ப்பள்ளியோ தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்டது. பால்மரத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே இருந்த தொலைவு, ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இருந்த தொலைவினும் பெரிது. இதனை மறந்துவிட்டு அந்நாளைய விடுதி வாழ்வைப் பொற்காலமாகப் புனைந்துரைப்பது பொருந்தாது.

தவணை இறுதிப் பயணத்தின் வழி எல்லார்க்கும் ஒன்றே. 1909இல் ஜொகூர் மாநிலப் பாதை நிறைவுற்றபின், பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை தண்டவாளம் தொடர்ந்து ஓடியது. இடையே நின்றது நீரிணை ஒன்றுதான். அதனைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. 1923இல் கடற்பாலத்தின்மேல் இரயில் ஓடத் தொடங்கிய பின்னர் அந்தத் தடையும் நீங்கிற்று. 1932 மே மாதத்தில் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பெற்றது. அங்கே இரவில் அஞ்சல் வண்டி ஏறினால் பொழுது விடியக் கோலாலம்பூர். அங்கிருந்து மாறினால் தாப்பா, ஈப்போ, தைப்பிங், பிறை என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் இருவராகப் பெட்டியோடு இறங்கிக்கொண்டே போகலாம். ஒரு விடுதி முழுவதும் ஒரே வண்டியில் ஏறி, நாடு முழுவதும் சிறுகச் சிறுக உதிர்ந்துபோகும் காட்சி அது.

இரண்டாவது கல்லூரி புக்கிட் தீமாவில் எழுந்தது. சிங்கப்பூரை நிறுவிய இராபிள்சின் நூற்றாண்டு நினைவாக 1919ஆம் ஆண்டையொட்டித் திட்டமிடப்பெற்ற இராபிள்ஸ் கல்லூரி, 1928இல் 43 மாணாக்கரோடு வகுப்புகளைத் தொடங்கியது. 1929 ஜூலை 22ஆம் நாள் ஆளுநர் சர் ஹியூ கிளிபர்டு அதனை முறைப்படி திறந்து வைத்தார். நடுவே புல்வெளியும் சுற்றிலும் தூண்வரிசை நடைபாதையுமாக அமைந்த அக்கட்டடங்கள் இன்றும் கண்ணுக்கு இனியவை. மூன்றாண்டுப் படிப்பின் முடிவில் கிடைத்தது பட்டம் அன்று, பட்டயமே. ஆயினும் மலாயாவின் ஆங்கிலப் பள்ளிகளில் தலைசிறந்து தேறிய மாணாக்கர்களுக்கு அதுவே உள்நாட்டில் எட்டக்கூடிய உச்சமாக இருந்தது. மலாக்காவில் பிறந்த கோ கெங் சுவீ, பகாங் மாநிலத்துப் பெக்கானிலிருந்து வந்த அப்துல் ரசாக், பேராக்கிலிருந்து வந்த டோ சின் சாய், சிங்கப்பூரைச் சேர்ந்த லீ குவான் இயூ, எட்மண்ட் பார்க்கர் ஆகியோர் 1930களின் பிற்பகுதிக்கும் 1941க்கும் இடையில் அங்கே பயின்றோர். ரசாக்கும் பார்க்கரும் கல்லூரித் திடலில் ஒன்றாக ஹாக்கி ஆடியவர்கள். இப்பெயர்கள் பின்னரும் வேண்டப்படும்.

1941ஆம் ஆண்டின் இறுதித் தவணைக்கு மணி அடித்தது கல்லூரி அன்று. டிசம்பர் 8ஆம் நாள் விடியற்காலை நான்கு மணியளவில் சப்பானிய வானூர்திகள் சிங்கப்பூர்மீது குண்டு வீசின. 61 பேர் மாண்டனர். 133 பேர் காயமுற்றனர். இராபிள்ஸ் கல்லூரியின் ஈ பிளாக் விடுதியில் உறங்கிக்கொண்டிருந்த லீ குவான் இயூ அவ்வோசை கேட்டு விழித்ததை, 1998இல் வெளிவந்த தம் நினைவு நூலில் பதிவு செய்திருக்கிறார். வகுப்புகள் நின்றன. தீபகற்பத்து மாணாக்கர் பெட்டி கட்டினர்.

அவர்கள் எந்தத் திசையில் சென்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். போர் வந்தால் மக்கள் போர்முனையை விட்டு விலகி ஓடுவர். இம்மாணாக்கருக்கோ வீடு வடக்கில் இருந்தது. சப்பானியப் படையும் வடக்கிலிருந்தே வந்துகொண்டிருந்தது. கோத்தா பாருவில் கரையிறங்கிய படையும், தாய்லாந்து வழியாகக் கெடாவுக்குள் நுழைந்த படையும் தெற்கு நோக்கி விரைந்தன. டிசம்பர் 11ஆம் நாள் பினாங்கு குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. ஒரு வாரத்துக்குள் வெள்ளையர் அத்தீவைக் கைவிட்டு வெளியேறினர். மாத இறுதியில் ஈப்போவும், 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூரும் வீழ்ந்தன. வடபுலத்து மாணாக்கன் ஒருவன் ஊர் திரும்பக் கிடைத்த காலம் சில நாள்களே. அந்நாள்கள் கடந்தபின், விடுமுறை வண்டி போகும் வழியிலேயே எதிரி வந்துகொண்டிருந்தான். ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. தீவில் எஞ்சியிருந்தவர்களுக்கு வீடு செல்லும் வழி அத்தோடு அறுந்தது.

எஞ்சியிருந்தவர்களுள் மருத்துவக் கல்லூரி மாணாக்கர் பலர். மருத்துவமனைகளில் கைகள் தேவைப்பட்டன. அவர்கள் பெட்டி கட்டவில்லை. பிப்ரவரி 14ஆம் நாள், சிங்கப்பூர் சரணடைவதற்கு முதல் நாள், தான் தோக் செங் மருத்துவமனையில் பணியிலிருந்த நான்காம் ஆண்டு மாணாக்கர் ஒருவர் எறிகுண்டுச் சிதறல் பட்டுக் காயமுற்றார். பொது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் அவர் பிழைக்கவில்லை. அவரைச் சுமந்து சென்று ஊரில் அடக்கம் செய்ய வழியில்லை. ஊரும் இல்லை, வண்டியும் இல்லை. கல்லூரி வளாகத்திலேயே, வான்தாக்குதலுக்கென வெட்டப்பட்டிருந்த பதுங்குகுழியை அவருக்குக் கல்லறையாக்கத் தோழர்கள் முடிவு செய்தனர். அவர்கள் கூடி நின்று அவ்வுடலை மண்ணில் இறக்கிக்கொண்டிருந்த வேளையில் மீண்டும் எறிகுண்டுகள் வந்து வீழ்ந்தன. பதினொரு மாணாக்கர் அங்கேயே உயிர்நீத்தனர்.

ஒருவரை வழியனுப்பச் சென்றவர்கள் பதினொருவரும் அவரோடு போயினர். போர் வரலாற்றில் பேரெண்ணிக்கைகளுக்குக் குறைவில்லை. அக்கிழமையில் சிங்கப்பூர் மருத்துவமனை வளாகங்களில் மாண்டோர் நூற்றுக்கணக்கானோர். எனினும் கல்லூரி வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இந்தப் பன்னிருவரைக் கடந்து விரைந்து செல்லுதல் தகாது. நிறுவன ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் மாணாக்கர், ஏறத்தாழத் தம் வயதினரான இவர்களைப் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும்.

இராபிள்ஸ் கல்லூரியின் தூண்வரிசைகளுக்கிடையே சப்பானியப் படைத்தலைமை குடியேறிற்று. மருத்துவக் கல்விக்கு மட்டும் சப்பானியர் 1943இல் தங்கள் பெயரில் ஒரு கல்லூரியைத் தொடங்கிப் பின்னர் அதனை மலாக்காவுக்கு மாற்றினர். மற்றவர்களுக்கு அந்த விடுமுறை நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

1946இல் இரு கல்லூரிகளும் மீண்டும் திறக்கப்பெற்றன. டோ சின் சாய் அவ்வாண்டு தம் அறிவியல் பட்டயத்தைப் பெற்றார். லீ குவான் இயூ திரும்பிப் படிக்கவில்லை, இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ரசாக்கும் புக்கிட் தீமாவுக்குத் திரும்பவில்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் பகாங்கில் மறைமுக எதிர்ப்பியக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்த அவர், 1947இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். ஒரே தவணையில் கலைந்தவர்கள் அதன்பின் ஒரே கூரையின்கீழ்க் கூடவில்லை.

அடுத்த பத்தாண்டுகள் நம்பிக்கையின் காலம். 1947இல் உயர்கல்வி பற்றி ஆராய வந்த கார்-சாண்டர்ஸ் குழு, இரு கல்லூரிகளையும் இணைத்து ஒரு பல்கலைக்கழகம் அமைக்கப் பரிந்துரைத்தது. அதற்கு அக்குழு விரும்பிய இடம் சிங்கப்பூர் அன்று, கோலாலம்பூரும் அன்று. இரண்டு நிலங்களும் தொட்டுக்கொள்ளும் ஜொகூர் பாருவையே அது சுட்டியது. அத்திட்டம் நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் பின்னாளில் எல்லைக்கோடு எங்கே விழுந்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரிலேயே பிறந்தது. புதிய விடுதிகள் எழுந்தன. தவணை முடிந்தால் மீண்டும் அதே நிலையம், அதே வண்டி.

தமிழர்க்கு இப்பல்கலைக்கழகம் தனிச்சிறப்புடையது. இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் வடமொழிக்கு முதன்மை தருவதா, தமிழுக்கு முதன்மை தருவதா என்னும் வினா எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று, கப்பல்துறைத் தொழிலாளியும் தோட்டப் பாட்டாளியும் கொடுத்தனர். முன்னே சொன்ன அந்தத் தொலைவை நினைவிற்கொண்டால் இதன் அருமை விளங்கும். தம் பிள்ளை நுழைய இயலாத மாளிகையில் தம் மொழி நுழையட்டும் என்று ஈந்த வெள்ளி அது. 1956இல் துறை தொடங்கிற்று. திரட்டிய நிதி தமிழ் நூல்களாக நூலகம் சேர்ந்தது.

மலாயா 1957இல் விடுதலை பெற்றது. சிங்கப்பூர் இன்னும் முடியாட்சிக் குடியேற்றமாகவே இருந்தது. விடுதலை பெற்ற நாடு தன் தலைநகரில் பல்கலைக்கழகம் வேண்டும் என்று கருதியது இயல்பே. 1959இல் பல்கலைக்கழகம் இரு கிளைகளாகப் பிரிந்தது. கோலாலம்பூரின் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் புதிய வளாகமும், அவ்வாண்டிலேயே முதலாவது தங்கும் கல்லூரியும் தோன்றின. இந்திய இயல் துறை அங்கே மாற்றப்பெற்றது. இம்முறை பெட்டி கட்டியவர்கள் மாணாக்கர் மட்டும் அல்லர். ஒரு துறையே பெட்டி கட்டியது. 1962 ஜனவரி முதல் நாள் மலாயாப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் என இரண்டாயின.

பந்தாய்ப் பள்ளத்தாக்குக்கு இதனால் விளைந்த நலம் பெரிது. 1961இல் தனிநாயகம் அடிகள் துறைத் தலைமையேற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று. சிங்கப்பூரின் பங்கில் நேர்ந்த இழப்பைப் பேசுவோர் குறைவு. பிரிவுக்குப்பின் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமையவில்லை. எந்தத் தீவில் அந்த ஒரு வெள்ளி இயக்கம் தோன்றியதோ, அந்தத் தீவின் தமிழ் மாணாக்கன் தமிழில் பட்டம் பெற விரும்பினால் பெட்டியோடு வடக்கே போகவேண்டிய நிலை வந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு வடக்கத்திப் பிள்ளைகள் தெற்கே வந்த அதே பாதையில், திசை மட்டும் மாறிற்று.

வடபுலத்து மாணாக்கர் சிங்கப்பூருக்கு வருவது 1962க்குப் பின்னும் உடனே நின்றுவிடவில்லை. கோலாலம்பூரில் சட்டப் படிப்பு 1972இல்தான் தொடங்கியது. அதுவரை சட்டம் பயில விழைந்தோர் தெற்கே வந்தனர். 1963இல் மலேசியா அமைந்தபோது எல்லாம் மீண்டும் ஒரு நாடாயிற்று. இரண்டாண்டுகளில் அது முடிந்தது. 1965 ஆகஸ்டு 7ஆம் நாள் கையெழுத்தான பிரிவினை உடன்படிக்கையை வரைந்தவர் எட்மண்ட் பார்க்கர். மலேசியத் தரப்பில் கையொப்பமிட்டோருள் துணைப் பிரதமர் ரசாக் ஒருவர்; வீ. தி. சம்பந்தனும் ஒருவர். சிங்கப்பூர்த் தரப்பில் லீ குவான் இயூ, கோ கெங் சுவீ, டோ சின் சாய், பார்க்கர், எஸ். இராஜரத்தினம் முதலியோர். டோ சின் சாயும் இராஜரத்தினமும் மனமின்றியே கையெழுத்திட்டனர். சம்பந்தன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்றவர். இராஜரத்தினம் இலண்டன் சென்றவர். மற்றோர் பெயர்களைத் திரும்பிப் பார்த்தால், அவை புக்கிட் தீமாவின் பழைய வருகைப் பதிவேட்டைப் போலவே இருக்கின்றன. ஒரே கல்லூரியில் உண்டு, ஆடி, 1941இல் திசைக்கொருவராய்ப் பிரிந்தவர்கள், ஒரு தாளின் இருபுறமும் நின்று அப்பிரிவை நாட்டெல்லை ஆக்கினர். பழைய ஹாக்கித் தோழமை, அந்த உடன்படிக்கை கசப்பின்றி முடிவதற்கு உதவியிருக்கலாம். அதனை அறுதியிட்டுச் சொல்ல ஆவணம் இல்லை.

1967இல் கடற்பாலத்தில் குடிநுழைவுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. அது முதல் விடுமுறைக்கு வீடு செல்லும் மாணாக்கனுக்குப் பயணச்சீட்டோடு கடப்பிதழும் தேவைப்பட்டது. அவன் பெட்டியைத் திறந்து பார்க்கச் சுங்க அதிகாரி ஒருவரும் வந்து நின்றார்.

எஞ்சியது இடமாற்றங்களின் கதை. 1970களின் பிற்பகுதியில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் கெண்ட் ரிட்ஜ் குன்றுக்கு நகரத் தொடங்கியது. 1980இல் அதுவும், சீன மக்கள் தம் உழைப்பின் ஊதியத்தை ஈந்து வளர்த்த நன்யாங் பல்கலைக்கழகமும் இணைக்கப்பெற்றுச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆயின. நன்யாங் மாணாக்கரின் பிரிவுத்துயர் தனிக் கட்டுரைக்கு உரியது. ஒருவகையில் அது தமிழர்க்கு எளிதில் விளங்கக்கூடியது. ஒரு மொழிக்காக ஏழைகள் காசு கொடுத்த கதை அது.

காலியான புக்கிட் தீமா வளாகத்துக்கு 1981இல் கல்விக் கழகம் வந்து சேர்ந்தது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள், தமிழாசிரியர் உட்பட, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அத்தூண்வரிசைகளின் நிழலில் பயிற்சி பெற்றனர். 2000இல் அக்கழகமும் ஜூரோங்கிலுள்ள பழைய நன்யாங் நிலத்துக்குப் பெயர்ந்தது. 2006இல் தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டப் புலம் தன் பழைய இடமாகிய புக்கிட் தீமாவுக்குத் திரும்பியது. 2009இல் இராபிள்ஸ் கல்லூரிக் கட்டடங்கள் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றன. ஐக்கிய மலாய் மாநில விடுதியின் வழிவந்த மாணவர் இல்லம், ஏழாம் எட்வர்டு மன்னர் பெயரோடு கெண்ட் ரிட்ஜில் அமைந்தது. எந்த மாநிலங்களின் பிள்ளைகளுக்காக அது எழுந்ததோ, அப்பெயர் அதில் இல்லை.

2011 ஜூன் 30ஆம் நாள் இரவு, தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி வண்டி வடக்கே புறப்பட்டது. அதனை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம். மறுநாள் முதல் இரயில் கடற்பாலத்தின் தென்முனையான உட்லண்ட்சோடு நின்றது. தீவின் குறுக்கே கிடந்த தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. நிலையத்தின் முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. அவற்றோடு, ஐக்கிய மலாய் மாநில இரயில்வேயைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகள் அழியாமல் இருக்கின்றன.